ஒரே புள்ளியில் தொள்ளாயிரத்து ஆறு பேர்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆறு மணி நேரம் பத்து நிமிஷம். இதையும் ஒரு புரோகிராம் என்று எழுதி, மேலே தன் பேரையும் போட்டு வைத்திருக்கிறான் பிரிட்டோ. வெட்கமே இல்லை.

வேலை இதுதான். விடுதிக் காப்பாளர் தேர்வுக்கு மாநிலம் முழுக்க நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். தேர்வு மையங்கள் ஆயிரத்து முந்நூற்று நாற்பது. ஒவ்வொருவருக்கும் அவர் இருக்கும் இடத்துக்கு மிகப் பக்கத்தில் உள்ள மையத்தை ஒதுக்க வேண்டும். அது நிரம்பிவிட்டால் அதற்கு அடுத்தது. பிரிட்டோவின் புரோகிராம் ஒவ்வொரு ஆளையும் நிற்க வைத்து ஆயிரத்து முந்நூற்று நாற்பது மையத்துக்கும் தூரம் அளக்கிறது. நாகர்கோவில்காரனுக்குத் திருத்தணி எவ்வளவு தூரம் என்று எதற்கு அளக்க வேண்டும்? பீளமேட்டில் மருந்துக் கடை தேடுகிறவள் முதலில் தன் தெருவைப் பார்ப்பாள், பிறகு பக்கத்துத் தெருவைப் பார்ப்பாள். சென்னைக்கா ஓடுவாள்?

சேகர் சார் என் மேஜைக்கே வந்துவிட்டார். முதலாளி தானாக எழுந்து வந்தால் விவகாரம் பெரிது என்று அர்த்தம். "ஜோதி, வெள்ளிக்கிழமை தேர்வு வாரியத்துல இருந்து வராங்க. அவங்க கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டோணும். ஆறு மணி நேரம் உக்கார வெச்சா நல்லாவா இருக்கும்?"

"பிரிட்டோகிட்டச் சொல்லுங்க சார்."

"அவன்கிட்டச் சொன்னா ஏழு மணி நேரம் ஆக்கிருவான். நீ பாரு."

வீட்டுக்கு வந்தால் வாஷிங் மெஷின் ஒழுகி சமையலறை வரைக்கும் தண்ணீர். அம்மா நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

வரைபடத்தைச் சதுரக் கட்டங்களாக வெட்டினேன். ஒரு ஆள் எந்தக் கட்டத்தில் இருக்கிறாரோ அந்தக் கட்டத்தையும் அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் மட்டும் தேடினால் போதும். அங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால்தான் அதற்கு வெளியே உள்ள கட்டங்கள். ஆறு மணி நேரம் ஓடியது இப்போது பத்தொன்பதே நிமிஷத்தில் முடிகிறது.

சேகர் சாருக்கு அதுவும் போதவில்லை. "ஒரு நிமிஷத்துக்குள்ள வராதா?" என்கிறார். என்ன, காய்கறிக் கடையா இது, பேரம் பேச?

மெஷின்காரன் வருகிறேன் என்றான். வரவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பதினாலு விநாடி!

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் என்றாலும் இடங்கள் அத்தனை இல்லை. வெறும் அறுபத்தொன்றாயிரம் புள்ளிகள்தான். நிறையப் பேர் அச்சு அசல் ஒரே புள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாளப்பட்டி என்று ஒரு ஊர், மலையடிவாரம். அங்கே பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே புள்ளியில் தொள்ளாயிரத்து ஆறு பேர். ஒரே புள்ளிக்கு எதற்குத் தொள்ளாயிரம் தடவை தேட வேண்டும்? ஒரு தடவை தேடி, வருகிற விடையை அத்தனை பேருக்கும் போட்டால் முடிந்தது. இதைக் கண்டுபிடிக்க இந்த ஆபீஸில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

பிரிட்டோ ஏதோ கேட்டான். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஓட்டிக் காட்டினேன். வாரியத்திலிருந்து வந்திருந்த துணைச் செயலர் ராஜகுமாரி மேடம் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றார். மறுபடியும் பதினாலு விநாடி. கை தட்டினார்கள்.

ஒரு மையத்துக்கு மட்டும் புரோகிராம் ஒருவரைக்கூட ஒதுக்கவில்லை. பெருங்கல் மலை அரசு உண்டு உறைவிடப் பள்ளி. மலை மேலே யார் இதற்கெல்லாம் விண்ணப்பிக்கப் போகிறார்கள்? நீக்கிவிடலாம் என்றேன். வினாத்தாள் கட்டை மலை ஏற்றும் வேலை மிச்சம் என்று மேடத்துக்குச் சந்தோஷம்.

மத்தியானம் சேகர் சார் செலவில் பிரியாணி. பிரிட்டோ வாயைத் திறக்காமல் சாப்பிட்டான். பொறாமை.

ஆகஸ்ட் 11, திங்கள்

தேர்வு இருபத்து நாலாம் தேதி, ஞாயிறு. காலை பத்து மணிக்கு ஹால் டிக்கெட் வெளியானது. பத்தேகாலுக்கு என் கைப்பேசி அடிக்க ஆரம்பித்தது, இப்போது வரை ஓயவில்லை.

"ஹலோ, ஹெல்ப்லைனுங்களா?"

ஒரு மாவட்டத்துக்குப் போன ஹால் டிக்கெட்டுகளில் மட்டும் உதவி எண் என்று என் எண் இருக்கிறது! என் சொந்த எண்! போட்டோ மங்கலாக இருக்கிறது என்கிறான் ஒருத்தன். கறுப்புப் பேனாவா நீலப் பேனாவா என்கிறாள் ஒருத்தி. பேரில் ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு கிழவர் அரை மணி நேரம் அழுகிறார். மலை, பஸ், நேரம் என்று ஏழெட்டுப் பேர். நானா பஸ் ஓட்டுகிறேன்? ஒரு பொம்பளை, "மேடம், தாளப்பட்டியில சென்டர் போட்டிருக்குதுங்க, மொத பஸ்ஸே..." என்று ஆரம்பித்தாள். "ராங் நம்பர்ம்மா, வைங்க" என்று துண்டித்தேன்.

பிரிட்டோவைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டேன். என் எண்ணை எடுத்துப் போடும் திமிர் அவனைத் தவிர இங்கே யாருக்கு இருக்கிறது? அவன் கணினியைப் பார்த்தபடியே, "ஃபைல்ல கடைசியா கை வெச்சது யாருன்னு பாருங்கக்கா" என்றான்.

ஆகஸ்ட் 13, புதன்

நான்தான். ஜூலை இரண்டாம் தேதி, அந்த ஒரு மாவட்டத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தபோது, எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று என் எண்ணைப் போட்டிருக்கிறேன். எடுக்க மறந்துவிட்டேன். சரி, மனுஷி தானே. ஆனால் அச்சுக்குப் போகும் முன் அதைச் சரிபார்ப்பது யார் வேலை? அதற்குத்தானே பிரிட்டோ?

இன்றைக்கு நூற்றுப் பதினேழு அழைப்பு. எண்ணை மாற்றச் சொல்கிறாள் அம்மா. வங்கி, கேஸ், ஆதார் எல்லாம் இந்த எண்ணில். எதை என்று மாற்றுவது?

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. அழைப்புகளுக்கு விடுமுறை இல்லை.

துணி துவைத்துக்கொண்டிருந்தேன், கையால். திங்கட்கிழமை கூப்பிட்ட அதே பொம்பளை. இந்த முறை தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"என் பேரு தவமணிங்க. பெருங்கல் மலை, சேக்காடு. வெச்சராதீங்க மேடம். மலையிலிருந்து மொத பஸ்ஸு ஏழே காலுக்குத்தான் எடுப்பான். தாளப்பட்டி வர ஒம்பதரை ஆயிரும். ஒம்பது மணிக்கே கேட்டைச் சாத்திருவோம்னு டிக்கெட்டுல போட்டிருக்குதுங்க."

"உங்க இடத்துக்கு எது பக்கமோ அதுதாம்மா வந்திருக்கும். கம்ப்யூட்டர் பார்த்துப் போட்டது."

"பக்கங்களா? நாப்பத்தாறு கிலோமீட்டருங்க! நான் சமையல் வேலை பாக்குற பள்ளிக்கூடத்துலயே போன தடவை சென்டர் இருந்துச்சுங்க. இப்ப ஏன் எடுத்தீங்க?"

எடுத்தீங்க என்கிறாள்! விண்ணப்பத்தில் ஏதாவது தப்பாக நிரப்பியிருப்பீர்கள், சொந்தத் தப்புக்கு ஊரைக் குறை சொல்லாதீர்கள் என்று நன்றாகக் கொடுத்தேன். "நான் நிரப்பலீங்க, கடையில நிரப்புனாங்க" என்றாள். துண்டித்தேன்.

நாற்பத்தாறாக இருக்கவே முடியாது. என் கணக்கில் மாநிலத்திலேயே அதிகபட்சத் தூரம் முப்பத்தொன்று. நானே சரிபார்த்தது.

ஆகஸ்ட் 16, சனி

அவள் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே ஆபீஸ் போனேன். தவமணி, சேக்காடு என்று தேடினேன். முகவரியில் பெருங்கல் மலை என்றுதான் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் அவள் மலையில் இல்லை. தாளப்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், அந்தத் தொள்ளாயிரத்து ஆறு பேரோடு நிற்கிறாள்.

தொள்ளாயிரத்து ஆறு பேருக்கும் ஒரே கைப்பேசி எண். பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எண்ணுக்கு அடித்தேன்.

"முருகபூபதி இன்டர்நெட் சென்டருங்க."

"யோவ், தொள்ளாயிரம் பேரோட விண்ணப்பத்துல உன் நம்பரைப் போட்டு வெச்சிருக்கியே, அறிவிருக்கா உனக்கு?"

"அவங்கள்ல பாதிப் பேர்கிட்டப் போனே இல்லைங்க. இருந்தாலும் மலையில டவர் இல்லீங்க. ஓடிபி எங்க வரும்? அதான் என் நம்பரு. நீங்க யாருங்க?"

"இடத்தை ஏன்யா உன் கடையைக் காட்டிப் போட்ட?"

"நான் எங்கீங்க போட்டேன்? 'என் இருப்பிடத்தை எடு'ன்னு பச்சையா ஒரு பட்டன் இருந்துச்சு. அதை அமுக்காம அடுத்த பக்கமே போகாது. அமுக்குனேன், எடுத்துச்சு. என் கம்ப்யூட்டரு என் கடையில இருக்குது, அது பெருங்கல் மலையவா காட்டும்?" கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அந்தப் பட்டனை வெச்சது யாருங்க?"

பட்டனை வைத்தது பிரிட்டோ. அதை எழுதி வைத்துக்கொள்கிறேன். பட்டன் பிரிட்டோ வைத்தது.

முகவரியை வைத்து எண்ணிப் பார்த்தேன். தொள்ளாயிரத்து ஆறில் மலைக்காரர்கள் இருநூற்றுப் பதினாலு பேர். மீதிப் பேர் தாளப்பட்டியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும். மற்ற மாவட்டங்களையும் அலசினேன். எல்லா ஊரிலும் இப்படித்தான், கடையில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். ஆனால் சமவெளியில் கடை மூணு நாலு கிலோமீட்டருக்குள் இருக்கிறது, பாதகமில்லை. இந்த மலை மட்டும்தான் இப்படி. ஆள் இல்லை என்று நாங்கள் நீக்கிய மையமும் இந்த மலையில்தான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சேகர் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"எத்தனை பேரு?"

"இருநூத்திப் பதினாலு சார்."

"நாலு லட்சத்துல இருநூறு. இதை வாரியத்துக்குச் சொன்னா அடுத்த தேர்வு நமக்குக் கெடைக்குமா? இருபத்திரண்டு பேரு இங்க வேலை பாக்கறாங்க ஜோதி. முந்தின நாளே எறங்கி வந்து தங்கிக்கிட்டும். பரீட்சைன்னா அவ்வளவு கூடவா செய்ய மாட்டாங்க?"

"எங்க சார் தங்குவாங்க? தாளப்பட்டியில லாட்ஜே ஒண்ணுதான்."

"நீ இப்ப புரோகிராமரா, இல்லை அவங்க சங்கத் தலைவியா?"

வாயில் நன்றாக வந்தது. விழுங்கிக்கொண்டு வெளியே வந்து பிரிட்டோவிடம் கொட்டினேன். பட்டனை வைத்தவன் நீ, அனுபவிப்பது யாரோ என்றேன். அவன் எப்போதும்போலத் தணிந்த குரலில்தான் பேசினான். இப்போது நினைத்தாலும் எரிகிறது.

"பட்டன் நான் வச்சதுதான்க்கா, இல்லைங்கல. ஆனா தொள்ளாயிரம் பேரு ஒரே இடத்துல எப்படி இருப்பாங்க, இதை என்னன்னு பாக்க வேண்டாமான்னு அன்னைக்கே உங்ககிட்ட கேட்டேனா இல்லியா? 'வேகமா ஓடுதா இல்லையா, அதை மட்டும் பாரு'ன்னு சொன்னிய."

சொன்னேனா? நினைவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நினைவிருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ராஜகுமாரி மேடத்துக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை.

மெஷின்காரன் வந்தான். குழாய் வெடித்திருக்கிறதாம், கொண்டு வந்திருந்த குழாய் வேறு அளவு. போய்விட்டான்.

ஆகஸ்ட் 20, புதன்

மத்தியானம் தவமணி. மூன்றாவது தடவை. எடுத்ததும், "சொல்லுங்க தவமணி" என்றேன். "அதே மேடந்தானுங்களா?" என்றாள். திட்டுவேன் என்று தயாராக இருந்திருப்பாள்போல.

மெதுவாகக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். விடுதியில் எண்பது பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான் சமையல். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. முந்தின நாளே இறங்க வேண்டும் என்றால் சனி ராத்திரியும் ஞாயிறு காலையும் அடுப்பு எரியாது. காப்பாளர் விடுப்பு தர மாட்டேன் என்கிறாராம். இந்த போனும் அவளுடையது இல்லை, விடுதியின் லேண்ட்லைன். காப்பாளர் வெளியே போகும்போதுதான் எடுத்துப் பேசுகிறாள்.

"அடுத்த தடவை எழுதலாமே?" என்றேன். கேட்டிருக்கவே கூடாது.

"வர்ற மாசத்தோட வயசு தாண்டிருதுங்க. இதுதான் கடேசி. அந்தாளு பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டு மூணு மணிக்குப் போயிருவாரு. பதினோரு வருசமா விடுதியைப் பாத்துக்கிறது நானு. காய்ச்சல் வந்தா தூக்கிட்டு ஓடுறது நானு. அந்த நாக்காலியில ஒரு நாளாச்சும் உக்காரலாம்னு பாத்தா, பஸ்ஸு நேரத்துல போகுதேங்க என் பொழப்பு!"

கத்தினாள். பஸ் நேரத்தில் போகவில்லை அம்மா, என் பதினாலு விநாடியில் போகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கடிதத்தைத் திறந்தேன். 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, 'நான் கவனிக்காததால்' என்று போட்டேன். இருநூற்றுப் பதினாலு பேரின் பட்டியலையும், முகவரியை வைத்துத் திருத்திய ஒதுக்கீட்டையும் சேர்த்தேன். சேகர் சாருக்கும் ஒரு நகல் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சேகர் சார் கத்தியது கீழ்மாடி டெய்லர் கடை வரைக்கும் கேட்டிருக்கும். முதுகில் குத்திவிட்டேனாம். சோறு போட்ட இடத்துக்குத் துரோகமாம். "நாளையிலிருந்து வராதே" என்றார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் வருவேன் சார். அதுக்கப்புறம் நீங்க கூப்பிட்டாலும் வர மாட்டேன்."

மூன்று மணிக்கு ராஜகுமாரி மேடம். "பதினாலு விநாடின்னு கை தட்ட வெச்சீங்களேம்மா. வினாத்தாள் எல்லாம் கட்டி முத்திரை வெச்சாச்சு. மூணு நாள் இருக்கும்போது சொல்றீங்க" என்று அவரும் தன் பங்குக்கு வாங்கு வாங்கென்று வாங்கினார். நீக்கலாம் என்று நான் சொன்னதும் தலையாட்டியவர் யார் என்று கேட்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில், "மலை மையத்தைத் திறக்கறேன். புது ஹால் டிக்கெட் உங்க பொறுப்பு" என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இருநூற்றுப் பதினாலு பேருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினோம். 'உங்கள் தேர்வு மையம் மாற்றப்பட்டுள்ளது.' அனுப்பு என்று நான் சொல்ல, பிரிட்டோ அழுத்தினான். அழுத்தின பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஐந்து நிமிஷத்தில் முருகபூபதி கூப்பிட்டான்.

"மேடம், என் போனு செத்துப்போச்சுங்க. இருநூத்திப் பதினாலு மெசேஜு! ஒவ்வொண்ணுலயும் 'அன்புள்ள விண்ணப்பதாரரே'ன்னு இருக்குது. நான் ஒரு பரீட்சையும் எழுதலீங்களே!"

சிரித்துவிட்டேன். பத்து நாளில் முதல் தடவை. விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அச்சடிச்சு நானே பைக்குல கொண்டு போயிக் குடுத்துர்றேனுங்க. பட்டன அமுக்குன கை என்னுதுதானே" என்றான். பட்டன் வைத்த பிரிட்டோ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். விடுதி எண்ணுக்கு நாலு தடவை அடித்தேன். காப்பாளர் எடுத்து, "சமையக்காரிக்கெல்லாம் போன் குடுக்க முடியாது" என்று வைத்துவிட்டார். இந்த ஆளை நேரில் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

ஆகஸ்ட் 23, சனி

சாயங்காலம் முருகபூபதி மலையிலிருந்து பேசினான். ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் அவனுக்கு டவர் கிடைக்கிறதாம். "எரநூத்திப் பதிமூணு பேருக்குக் குடுத்தாச்சுங்க. ஒண்ணு பாக்கி."

கேட்காமலே தெரிந்துவிட்டது.

நாத்தனாரை அடுப்பில் நிறுத்திவிட்டு, காப்பாளரிடம் சொல்லாமல், தவமணி மத்தியான பஸ்ஸில் இறங்கிவிட்டாள். முருகபூபதி வேறு பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் பஸ் இறங்கியிருக்கிறது. தாளப்பட்டியில் தெரிந்தவர் வீடு என்று போனாளாம், யார் வீடு என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் அவள் தாளப்பட்டிப் பள்ளி வாசலில்தான் வந்து நிற்பாள். அங்கே பட்டியலில் அவள் பேர் இருக்காது. நான்தான் அதை எடுத்தேன்.

அதிகாலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். அம்மா, "ஒரு சமையல்காரிக்காகவா இத்தனை தூரம் போற?" என்றாள். அம்மா மேல் விழுந்துவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

ஏழரைக்குப் பள்ளி வாசலில் நின்றேன். எட்டே காலுக்கு வந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம், நீலப் புடவை, கையில் பிளாஸ்டிக் உறையில் பழைய ஹால் டிக்கெட். குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். காவலரிடம் எந்த ரூம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தவமணி, நான்தான் அருள்ஜோதி. நீங்க போன் பண்ணுவீங்களே, அந்த நம்பர்."

மையத்தை மறுபடி மலைக்கு மாற்றியதைச் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டிவிட்டது. இந்நேரத்துக்கு எந்த வண்டியில் ஏறினாலும் ஒன்பது மணிக்குள் மலைக்குப் போக முடியாது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கண்காணிப்பாளர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். மரியாதையான ஆள், அதனால்தான் இன்னும் எரிச்சல். "லிஸ்ட்ல பேர் இல்லீங்கம்மா. உபரி வினாத்தாள் இருக்குது, வாராதவங்க நாக்காலியும் இருக்குது. ஆனா வாரியம் சொல்லாம நான் உள்ள விட்டா என் வேலை போயிருமுங்க."

ராஜகுமாரி மேடத்துக்கு அடித்தேன். எடுக்கவில்லை. எட்டரை, எட்டேமுக்கால், ஒன்பது. மாநிலம் முழுக்க அவரை எத்தனை பேர் கூப்பிடுவார்களோ! ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்தினார்கள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே.

அப்போதுதான் தவமணி வாயைத் திறந்தாள். "மொத தடவை கூப்புட்டப்ப ராங் நம்பருன்னு வெச்சீங்க."

"ஆமா."

"ரெண்டாவது தடவை என் தப்புன்னீங்க."

"ஆமா."

"என் எடத்துல நீங்க நின்னா இந்நேரம் எப்படி இருக்கும் உங்களுக்கு?"

மேடத்தின் எண்ணை மறுபடி அழுத்தினேன். என்ன சொன்னாலும் அறைந்திருப்பாள், நானாக இருந்தால் அறைந்திருப்பேன்.

ஒன்பதே காலுக்கு மேடம் எடுத்தார். தவறு விண்ணப்பதாரருடையது இல்லை, வாரியத்துடையதும் இல்லை, அருள்ஜோதியாகிய என்னுடையது என்று நீங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், நான் அனுமதி தருகிறேன் என்றார். தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்கிறார். காப்பாற்றிக்கொள்ளட்டும். தலைமையாசிரியரிடம் ஒரு தாள் வாங்கி கேட்டின் மேல் வைத்து எழுதினேன். அதைப் படமெடுத்து அனுப்பினேன். அனுமதி வர ஒன்பது நாற்பது. மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. தலைமையாசிரியர் கேட்டைத் திறக்க, அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பன்னிரண்டரை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நேரம் கூட்டித் தரச் சொல்லி மேடத்துக்கு மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. நடுவில் முருகபூபதி கூப்பிட்டு, மலையில் இருநூற்றுப் பதிமூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள் என்றான். சந்தோஷம்தான். ஆனால் என் கண் அந்தக் கேட்டில்தான் இருந்தது.

கூட்டத்தோடு வெளியே வந்தாள். எழுந்து நின்றேன்.

"ஒம்போது கேள்வி தொடவே இல்லீங்க" என்றாள். "அத்தனையும் தெரிஞ்ச கேள்வி. எத்தனை பிள்ளைக்கு எத்தனை கிலோ அரிசி, அம்மை போட்டா என்ன செய்யோணும், இதானுங்க. மணி அடிச்சுட்டான், பேப்பரைப் புடுங்கிட்டான்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள், பரவாயில்லை என்று சொல்லவில்லை. காரில் கொண்டு போய் மலையில் விட ஏற்பாடு செய்கிறேன் என்றேன். பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டு நடந்தாள். பத்தடி போனவள் திரும்பி வந்தாள்.

"ரிசல்ட்டு வந்ததும் கூப்புடுவேன். பாஸுன்னாலும் கூப்புடுவேன், ஒம்போது மார்க்குல போச்சுன்னாலும் கூப்புடுவேன். எடுக்கோணும்."

"எடுப்பேன்" என்றேன்.

"போனை வெக்காமக் கேக்கோணும்" என்றாள், பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள்.